கடல்பாசி விரலுக்கு 148 சர்க்கரை

மே மாதத்து மதியம், மணி ஒன்றரை. மேஜைமேல் ஒரு விரல் கிடந்தது. ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசியைக் காய்ச்சி, பால் ஊற்றி, விரல் தடிமனுக்கு அச்சில் உறைய வைத்த விரல். ஊசி குத்தாமல் ஒளியை வைத்தே ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி என்று ஒரு வருடமாகக் கட்டி வந்த பெட்டிக்குள் அதைச் செருகினால் திரையில் 148 என்று வந்தது. அதே துண்டுக்குக் காலை ஏழு மணிக்கு 96. நடுவில் அது இட்லி எதுவும் சாப்பிடவில்லை. அதற்குள் இருந்த பால் சர்க்கரை காலையில் எவ்வளவோ மதியமும் அவ்வளவுதான். ஆனாலும் கருவி, வெறும் வயிற்றுக்கும் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு மனிதனுக்கு வரவேண்டிய எண்களை அழகாக எடுத்துக் கொடுத்தது. பத்து நிமிடம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதன்பிறகு இரண்டு நாள் பெட்டியைத் தொடவே இல்லை.

மொத்தக் கணக்கு 14 மாதம், 1,72,000 ரூபாய். சென்சார் பலகைகளுக்கு 19,000. அகச்சிவப்பு எல்.இ.டி.களும் டயோடுகளும் இரண்டு தடவை வாங்கியதில் 38,000. மூன்று முறை அடித்த சர்க்யூட் பலகைகள் 22,000. குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், லேப் பரிசோதனைக் கட்டணம் 41,000. முப்பரிமாண அச்சில் செய்த உறைகள் 9,000. மீதி 43,000 போன கதை பின்னால் வருகிறது. இதே வேலையை இறுதியாண்டுத் திட்டமாகவோ சின்னத் தொழிலாகவோ தொடங்குகிறவர்கள் மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்தக் கடல்பாசி விரலை முதல் வாரத்திலேயே செய்து பார் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் செலவு ஐயாயிரத்தோடு நின்றிருக்கும்.

தொடக்கம் எல்லோருக்கும் வருகிற தொடக்கம்தான். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். 940 நானோமீட்டர் எல்.இ.டி. ஒன்று, எதிரே விழுகிற ஒளியை மின்சாரமாக்கிக் காட்டும் பிபிடபிள்யூ34 என்கிற சிலிக்கான் ஒளி டயோடு, நடுவில் விரல், பின்னால் எல்லாவற்றையும் ஓட்டி எண்ணாக எழுத இஎஸ்பி32 என்கிற சின்னக் கணிப்பலகை. எல்லாம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கிடைத்துவிடும், கிடைக்காதது சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று அளந்து, குளுக்கோமீட்டர் எண்ணோடு வரைபடம் போட்டால் புள்ளிகள் கோடு பிடித்த மாதிரி விழுந்தன. பொருத்தத்தைச் சொல்லும் ஆர் ஸ்கொயர் 0.91, ஒன்று என்றால் முழுப் பொருத்தம். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த ஒரு எண்ணை நம்பித்தான் மீதி ஒன்றரை லட்சமும் போனது.

அப்போதே காகிதத்தில் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. ரத்தச் சர்க்கரை 100 என்றால் லிட்டருக்கு 5.55 மில்லிமோல் குளுக்கோஸ். தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 55,500 மில்லிமோல். ஆக ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குப் பத்தாயிரம் தண்ணீர் மூலக்கூறு. இரண்டும் அகச்சிவப்பில் ஒளியை உறிஞ்சும், அதிலும் தண்ணீர் வெறி பிடித்த மாதிரி உறிஞ்சும். அதன் உச்சங்கள் 970, 1,450, 1,940 நானோமீட்டரில் இருக்கின்றன. குளுக்கோஸ் ஓரளவாவது தனியாகத் தெரிகிற இடம் 1,550 முதல் 1,800 வரையும், பிறகு 2,100 முதல் 2,300 வரையும்தான். 940-இல் அதன் உறிஞ்சுதல் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெலிவு. அதற்கும் மேலாக, சிலிக்கான் டயோடு 1,100 நானோமீட்டரைத் தாண்டினால் குருடு. மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர 940-ஐத் தேர்ந்தெடுக்க வேறு காரணமே இல்லை.

இது புரிந்தபோது நான்காவது மாதம். புரிந்தும் விடவில்லை, அடுத்த பள்ளத்தில் விழுந்தேன். 1,550-க்கும் 1,650-க்கும் எல்.இ.டி., அதைப் பார்க்க இண்டியம் காலியம் ஆர்சனைடு டயோடு என்று வாங்கியாயிற்று. கூழாங்கல் அளவு கூட இல்லாத பொருள், விலையைக் கேட்டால் நெஞ்சடைக்கும். முதலில் வந்த எல்.இ.டி.யில் 1,650 என்று சீட்டு ஒட்டியிருந்தது, உள்ளே வேறு ஏதோ இருந்தது. விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி இல்லாமலே இதைச் சோதிக்கலாம் என்பது தெரிந்தது பிறகுதான். 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள குவெட் என்கிற சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி எல்.இ.டி.க்கும் டயோடுக்கும் நடுவில் வைத்து, காலியாக வைத்தபோது வந்த அளவோடு ஒப்பிட வேண்டும். 1,650 என்றால் பாதிக்கு மேல் ஒளி தாண்டி வரும். 1,550 என்றால் மூன்றில் ஒரு பங்கு. 1,450 என்றால் இருபதில் ஒரு பங்குதான் தேறும். பார்சல் வந்த அன்றே இதைச் செய்து, வீடியோ எடுத்து, அன்றே திருப்பி அனுப்புங்கள். பத்து நாள் ஆனால் யாரும் பேச மாட்டார்கள்.

இன்னொரு கோளாறு இதைவிட மோசமானது. 1,550-ஐ விரலுக்கு ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் அளந்தபோது நல்ல சிக்னல் வந்தது. வரவே கூடாது. 1 மில்லிமீட்டர் தண்ணீரிலேயே மூன்றில் ஒரு பங்குதான் தாண்டுகிறது என்றால், பத்து பன்னிரண்டு மில்லிமீட்டர் விரலில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. பிறகு அந்த ஒளி எப்படி வந்தது? விரலைச் சுற்றிக் கசிந்து வந்தது. உறையின் உள்சுவர் வெள்ளை பிளாஸ்டிக், ஒளி அதில் பட்டுப் பட்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. கருவி அளந்தது ரத்தத்தை இல்லை, விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருந்த இடுக்கை. சாப்பிட்டபின் விரல் கொஞ்சம் உப்பினால் இடுக்கு அடைபடும், அளவு மாறும். சோதனை சுலபம். விரலில் சமையலறை அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விடுங்கள். பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் அதுவரை எடுத்த எல்லா எண்ணும் குப்பை. உட்சுவருக்குச் செருப்புக் கடைக் கருப்பு நுரை ரப்பர் நன்றாக வேலை செய்கிறது. கருப்புப் பெயிண்டை மட்டும் நம்பாதீர்கள். கண்ணுக்குக் கருப்பாக இருக்கிற பல சாயங்கள் அகச்சிவப்பில் வெள்ளை மாதிரி பளிச்சென்று திருப்பி அடிக்கும். இந்த நீண்ட அலைகளுக்கு விரலை ஊடுருவுகிற வழி சரிப்படாது, எல்.இ.டி.யும் டயோடும் தோலின் ஒரே பக்கத்தில், நடுவே கருப்புத் தடுப்புச் சுவரோடு, சில மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

மின்னணுப் பக்கம் தின்ற நேரம் கொஞ்ச நஞ்சமல்ல. நல்ல இடமான 1,600 வாக்கிலேயே, 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, சர்க்கரை 18 கூடினால் ஒளியில் வருகிற மாற்றம் லட்சத்தில் சில பங்குதான். இஎஸ்பி32-க்குள் இருக்கிற ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, நேர்கோட்டில்கூட அளக்காது, அதை முதல் நாளே மறந்துவிடுங்கள். தனியாக வாங்கிச் சேர்க்கிற ஏடிஎஸ்1115 ஏடிசியில் பதினாறு பிட் என்று எழுதியிருக்கும். ஒற்றை முனையில் பயன்படுத்தினால் நேர்ப் பாதியான 32,768 படிதான் கையில் கிடைக்கும். அதாவது ஒரு படியே லட்சத்தில் மூன்று பங்கு. நாம் தேடுவது அந்த ஒரு படிக்குள் ஒளிந்திருக்கிறது. இருபத்து நான்கு பிட் ஏடிசி வேண்டும், அதிலும் கடைசி ஐந்தாறு பிட் மின் இரைச்சலில் போய்விடும். ட்யூப் லைட் நொடிக்கு நூறு முறை மினுக்குவது டயோடில் அப்படியே ஏறும். ஒவ்வொரு அளவுக்கும் எல்.இ.டி.யை அணைத்து ஒரு தடவை, எரித்து ஒரு தடவை எடுத்துக் கழிக்க வேண்டும். சராசரி எடுக்கிற நேரத்தை 20 மில்லிவினாடியின் மடங்காக வைத்தால் கரண்டு இரைச்சல் தன்னால் அடங்கும். எல்.இ.டி.க்கு வெறும் மின்தடையம் போதாது, மாறாத மின்னோட்டம் தரும் சுற்று கட்டாயம். பவர் கட்டாகி இன்வெர்ட்டருக்கு மாறிய நொடியில் சர்க்கரை 30 ஏறிய வேடிக்கையெல்லாம் இங்கே நடந்தது.

இவ்வளவையும் சரி செய்தாலும் வெயிலை என்ன செய்வது? 940 எல்.இ.டி.யின் வெளிச்சம் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் அரை சதவீதம் குறையும். காலை ஏழு மணிக்கு அறை 29 டிகிரி, மதியம் 38. ஒன்பது டிகிரிக்கு நாலரை சதவீதம். நாம் தேடுகிற குளுக்கோஸ் மாற்றத்தைவிட இது நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. ஒளி குறைந்தால் கருவி என்ன நினைக்கும்? 'விரலுக்குள் எதுவோ கூடுதலாக உறிஞ்சுகிறது, சர்க்கரை ஏறிவிட்டது' என்று நினைக்கும். தண்ணீரின் உறிஞ்சல் உச்சமும் சூட்டில் நகரும். கை சூடானால் விரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், அதுவும் ஒளியைத் தின்னும். மூன்றும் ஒரே திசையில் தள்ளும். வெறும் வயிற்று அளவு எப்போதும் காலைக் குளிர்ச்சியில், சாப்பிட்ட பின் அளவு எப்போதும் வெயில் ஏறிய பிறகு. அந்த 0.91 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். ஒரு லட்சத்துக்கும் மேல் செலவழித்து, மெடிக்கல் ஷாப்பில் நூறு இருநூறுக்குக் கிடைக்கிற தெர்மாமீட்டரைத்தான் கட்டியிருந்தேன்.

வெட்கமாக இருப்பது வேறொரு விஷயத்துக்கு. துப்பு ஆறாவது மாதமே கிடைத்திருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் கருவி எல்லோருக்கும் சர்க்கரையைக் குறைத்தே சொன்னது. சாப்பிட்டு வந்தவருக்கும் 90, 95. காரணத்தைத் தேடாமல், 'இன்னும் அலைநீளங்கள் வேண்டும்' என்று 410 முதல் 940 வரை பதினெட்டு தடத்தில் அளக்கும் ஏஎஸ்7265எக்ஸ் பலகையை வாங்கிச் சேர்த்தேன். தடங்கள் கூடினால் பொருத்தமும் தானாகக் கூடும். ஆறு பேர், இருபத்து நான்கு அளவு, பதினெட்டுத் தடம். இதை வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் கிளம்பும் நேரத்தைக்கூடக் கணித்துவிடலாம். எந்த எண் வரிசைக்கும் கோடு பொருந்தும்.

ஒப்பிடுகிற அளவே சரியில்லை என்பது தனிக்கதை. வீட்டுக் குளுக்கோமீட்டருக்கு 2013-இல் வந்த ஐஎஸ்ஓ 15197 தரம் கேட்பதே, நூறுக்கு மேல் என்றால் நூற்றில் தொண்ணூற்றைந்து அளவு பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பதுதான். 200 இருப்பவருக்கு 170 வந்தாலும் 230 வந்தாலும் மீட்டர் தேர்ச்சி. அதை உண்மை என்று வைத்து நம் கருவியைத் தீட்டினால் அதன் பிழையும் சேர்ந்தே ஏறும். அதனால் சிரை ரத்தம், லேப் அளவு என்று மாறினேன். முதல் தொகுதியை எடுத்துக்கொண்டு போனபோது லேபில் இருந்த அக்கா டியூபைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது சிவப்பு மூடி. எத்தனை மணிக்கு எடுத்தது?" இரண்டரை மணி நேரம் ஆச்சு அக்கா என்றேன். "சர்க்கரைக்கு சாம்பல் மூடி டியூப்ல எடுக்கணும்னு யாரும் சொல்லலையாப்பா? செல்லு உசுரோட இருக்குல்ல, அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும்." அவர் சொன்னதுதான் கணக்கு. செல் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கிற ஃப்ளோரைடு இல்லாத டியூபில், பிரிக்காத ரத்தத்தில், அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குளுக்கோஸ் குறையும். சாம்பல் மூடி டியூபிலும் ஃப்ளோரைடு முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதனால் ஐஸ் பெட்டியில் வைத்து சீக்கிரம் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். பதினெட்டு சாம்பிள் அன்றைக்கு வீணாயிற்று. குத்து வாங்கியவர்களுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். இப்போது நினைத்தால் அதுவும் தப்புதான், அதற்கும் வருகிறேன்.

பன்னிரண்டாவது மாதம் ஒரு ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. 1998-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வேதியியலாளர்கள் குளுக்கோஸே இல்லாத போலித் திசுவை வைத்து நிறமாலை எடுத்து, ஒரு மனிதரின் சர்க்கரை ஏறி இறங்குகிற எண்களை அதோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பொருந்தியதாம், நன்றாகவே. நேரம் போகப் போகக் கருவி மெல்ல நகர்வதும், சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுகின்றன என்பது அவர்கள் காட்டியது. அதைப் படித்த மறுநாள்தான் கடல்பாசி வாங்கப் போனேன்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். 100 மில்லி வடிகட்டிய தண்ணீரில் ஒன்றரை கிராம் கடல்பாசித் தூளைத் தூவி, கட்டி விழாமல் கலக்கி, கொதிக்க வைத்து, கலங்கல் போய்த் தெளியும்வரை விடவேண்டும். அரைகுறையாகக் கரைந்தால் உறையும்போது வெள்ளைத் திட்டு விழும், ஒளி அங்கே வேறு மாதிரி சிதறும். இறக்கி ஐம்பது அறுபது டிகிரிக்கு ஆற விட்டு, வெதுவெதுப்பான பால் 20 மில்லி ஊற்றவும். ஒளியைச் சிதறடிப்பதற்குத்தான் பால். திசுவில் செல்களும் நார்களும் செய்கிற வேலையை இங்கே கொழுப்புத் துளிகள் செய்யும். குளிர்ந்த பாலை ஊற்றினால் அங்கங்கே திடீரென்று உறைந்து கட்டி கட்டும், ஏனென்றால் கடல்பாசி நாற்பது டிகிரிக்குக் கீழே போனதும் பிடித்துக்கொள்ளும். தோல் நிறத்துக்கு இந்தியன் இங்க் இரண்டு துளி. அச்சுக்குப் பெரிய ஊசிக்குழாயின் முனையை வெட்டிய குழல் போதும், உறைந்தபின் உந்தினால் விரல் போல வெளியே வரும். உடனே சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றவேண்டும். இல்லாவிட்டால் மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே தண்ணீர் வற்றிச் சுருங்கி, அதுவே ஒரு போலி சர்க்கரையாகும். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். எடுத்ததும் செருகக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் செருக வேண்டும். காலை முதல் மாலை வரை மணிக்கொரு தடவை அளந்து எழுதுங்கள். எண் நகர்ந்தால் நகர்வது கருவி. பொருள் செலவு ஐம்பது ரூபாய்க்குள்.

விரல் மாதிரியே காசில்லாத சோதனைகள் இன்னும் மூன்று இருக்கின்றன, மூன்றையும் பின்னால்தான் செய்தேன். ஒன்று, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 0, 30, 60, 90, 120 நிமிடத்தில் அளக்கிறோம் இல்லையா, அதே ஆளுக்கு இன்னொரு நாள் வெறும் தண்ணீர் கொடுத்து அதே நேரங்களில் அளப்பது. வெறும் தண்ணீருக்கும் கருவியில் சர்க்கரை மேடு கட்டினால் சோலி முடிந்தது. இரண்டு, சர்க்கரை எண்களைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்துவிட்டு, அதே நிரலை ஓட்டுவது. கலைத்த எண்ணுக்கும் நல்ல பொருத்தம் வந்தால் அந்த மாடல் எதையும் கற்கவில்லை, மனப்பாடம் செய்கிறது. மூன்று, தீட்டுவதற்கு எடுத்த ஆட்களைச் சோதனையில் சேர்க்காமல் இருப்பது. அளவுகளை மட்டும் பிரித்தால் போதாது, ஆளையும் நாளையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே ஆளின் காலை அளவு பயிற்சியிலும் மதிய அளவு சோதனையிலும் இருந்தால் கருவி அவர் விரலைத்தான் அடையாளம் கண்டுகொள்கிறது.

'என் கருவியின் எல்லாப் புள்ளியும் கிளார்க் கட்டத்தில் ஏ, பி மண்டலத்துக்குள் விழுந்தது' என்று விளம்பரத்திலோ போட்டி மேடையிலோ யாராவது சொன்னால் பதறிப்போய்க் கைதட்ட வேண்டாம். கருவியின் பிழை எவ்வளவு ஆபத்து என்று மண்டலம் பிரிக்கிற வரைபடம் அது; ஏ சரியான அளவு, பி பெரிய கெடுதல் செய்யாத பிழை. 1987-இல் வந்த அந்தக் கட்டத்தில், கருவியே இல்லாமல், வருகிற ஆளுக்கெல்லாம் 130 என்று சொன்னாலும் உண்மையான சர்க்கரை 70-லிருந்து 240-க்குள் இருக்கிற எல்லோரும் ஏ அல்லது பி-யில்தான் விழுவார்கள். நிஜ மதிப்பு 109 முதல் 162 வரை இருப்பவர்கள் ஏ மண்டலத்திலேயே. எங்கள் இருபத்து நான்கு அளவில் மூன்றைத் தவிர எல்லாம் அந்த எல்லைக்குள் இருந்தன. இந்த 'முட்டாள் ஊகத்தை' உங்கள் கருவி எவ்வளவு தூரம் ஜெயிக்கிறது என்பதுதான் பேச்சு.

அந்த 43,000. கருவி ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த நாட்களில், மருத்துவக் கருவிக்கு எல்லாச் சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆலோசகர் வந்தார். பெயர் வேண்டாம். முன்பணமாக வாங்கினார். ஒரு ஐஎஸ்ஓ தாள் வந்தது, அட்டை நன்றாகப் பளபளத்தது. மருத்துவக் கருவியை இந்தியாவில் விற்க அது உரிமமே ஆகாது. 2017-இல் வந்த மருத்துவக் கருவி விதிகள்படி ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு இருக்கிறது, வகுப்பைப் பார்த்து மாநில அல்லது மத்திய உரிம அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், ஆட்களுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுப்பதற்கே பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிய சம்மதம் வேண்டும். நண்பர்கள்தானே என்று பரோட்டாவுக்கு ஊசி குத்தியது தப்பு என்று சொன்னது இதனால்தான். அந்த எண்களை எந்த மருத்துவரிடமும் எந்த இதழிலும் காட்ட முடியாது. ஒரு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரை முதல் நாளே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் குழுவின் வழியும் திறக்கும், சாம்பல் மூடியும் தெரிய வரும்.

ஒளியால் நோய் பார்ப்பதே பொய் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறமுள்ள பொருளை ஒளி சுலபமாகப் பார்க்கும், குளுக்கோஸுக்கு நிறமே கிடையாது. ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீமோகுளோபினுக்கு இருக்கிறது. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதைத்தான் பார்க்கிறது. ஆக்ஸிஜன் ஏறியதும் ஏறாததும் 660 நானோமீட்டரில் மிகவும் வேறுபட்டு உறிஞ்சும், 940-இல் அந்த வேறுபாடு தலைகீழாகும். இரண்டின் விகிதத்தை எடுத்தால் தோல் தடிமன், எல்.இ.டி. வலு எல்லாம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஜப்பானில் 1974-இல் டக்குவோ அவோயாகி செய்த கெட்டிக்காரத்தனம் அதில் இன்னொன்று. காது வழியே ஒளியை விட்டு வேறு எதையோ அளக்க முயன்றபோது நாடித்துடிப்பு குறுக்கே வந்து தொல்லை கொடுத்தது. அவர் அந்தத் துடிப்பையே சிக்னலாக எடுத்துக்கொண்டார். துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான், தோலும் எலும்பும் சிரையும் துடிப்பதில்லை. மொத்த ஒளியில் ஒன்றிரண்டு சதவீதம்தான் அந்தத் துடிப்பு, ஆனால் லட்சத்தில் சில பங்கோடு ஒப்பிட்டால் அது யானை. இந்தக் கருவியும் ஏமாறும். கருநிற மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் எல்லாம் கெடுக்கும். அடுப்புப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஆளுக்கு அது 98 என்று தைரியமாகச் சொல்லும், அதை நம்பக் கூடாது. கருத்த தோலில் ஆக்ஸிஜனைச் சற்றுக் கூட்டிக் காட்டுகிற குறையை 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கோடு வெளியிட்டார்கள். நம் ஊர்த் தோலுக்கும் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

பிறந்த குழந்தையின் மஞ்சள்காமாலையும் அப்படித்தான். பிலிருபின் மஞ்சள், 460 வாக்கில் நீல ஒளியை அள்ளிக் குடிக்கும். நெற்றியிலோ நெஞ்செலும்பிலோ ஒரு தொடுதல், குதிகாலில் குத்த வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நீல விளக்கின்கீழ் வைத்த குழந்தைக்கு விளக்கு தோலிலுள்ள மஞ்சளை முதலில் வெளுத்துவிடும், ரத்தத்தில் அளவு அவ்வளவு வேகமாகக் குறையாது. விளக்கை நிறுத்தி ஒரு நாளாவது ஆகும்வரை தோல் கருவி குறைத்துத்தான் காட்டும். அப்போது குதிகால் குத்துதான் சரி.

குளுக்கோஸைப் பார்க்க வேறு வழியே இல்லையா என்றால், ராமன் சிதறல் இருக்கிறது. பொருளில் பட்ட ஒளியில் ஒரு துளி மட்டும் அலைநீளம் மாறிச் சிதறுவது அது. 1928 பிப்ரவரியில் ராமனோடு அந்தச் சிதறலைக் கண்ட கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி வாசலை ஒவ்வொரு முறை தாண்டும்போதும் கொஞ்சம் குற்ற உணர்வு வரும். ராமனில் குளுக்கோஸுக்கென்று தனிக் கைரேகை உண்டு, 1,125 அலைஎண்ணில் ஓர் உச்சம். 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பன்றிக் காதில் அதை நேரடியாகக் கண்டார்கள். ஆனால் சிதறி வருகிற ஒளி கோடியில் ஒன்று என்கிற அளவுதான். தோலின் ஒளிர்வு அதை மூழ்கடிக்கும். 785 நானோமீட்டர் லேசர், குளிரூட்டிய கேமரா, நல்ல நிறமாலைமானி என்று பல லட்சம் ஆகும். தனியாள் மேஜையில் நடக்கிற வேலையில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் கட்டினால் சர்க்கரை சொல்லும் என்று ஆயிரத்தைந்நூறுக்கும் மூவாயிரத்துக்கும் வருகிற வாட்சுகளைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. புஜத்தில் ஒட்டி நாள் முழுக்கச் சர்க்கரை பார்க்கிற சிஜிஎம் வேறு. அதில் தோலுக்குள் மெல்லிய இழை போகிறது, ஒளி இல்லை, நொதி. வாட்சை ஒரு வாழைத்தண்டில் கட்டிப் பாருங்கள். எண் வந்தால் அதை நம்பி இன்சுலின் யூனிட்டை மாற்றக் கூடாது என்று வீட்டுப் பெரியவருக்கு அந்த வாழைத்தண்டைக் காட்டியே புரிய வைக்கலாம். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

மிச்சமிருந்த பலகைகளையும் நுரை ரப்பரையும் வைத்து இப்போது ஹீமோகுளோபின் பக்கம் போயிருக்கிறேன். ரத்தசோகை பார்ப்பதற்கு. நிறமுள்ள பொருள், துடிப்பும் கிடைக்கும். உறைக்குள் ஒரு வெப்ப உணரி, எல்.இ.டி.யை நேராகப் பார்க்கிற இரண்டாவது டயோடு, விரல் அழுத்தத்துக்கு ஒரே அளவான வில். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரும்வரை மனித விரல் எதுவும் உள்ளே போகாது. கடல்பாசி விரலைச் செருகினால் திரையில் 'துடிப்பு இல்லை, அளவு இல்லை' என்று வருகிறது. அந்த வரியை வரவழைக்கவே மூன்று வாரம் ஆயிற்று.